கனத்துப்போன கருமணி

நெடுங்கழியில் புகை கிடையாது. ஊருக்குள் நுழையும் வளைவில் பச்சை எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அந்த வாசகத்தை எழுதியவர் குஞ்சிதபாதம், தூயசுடர் ஹைட்ரஜன் நிலையத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. ஒரு விஷயம் நடப்பதற்கு முன்பே அதற்குப் பெயர் வைத்துவிடுவதும், நடந்து முடிந்து நாறத் தொடங்கிய பிறகு அந்தப் பெயரை மாற்றிவிடுவதும் அவர் வேலை. நிலையத்துக்காக வயல்களை எடுத்தபோது ‘நிலக்கொடை’ என்று பெயர் வைத்தார். கொடுத்தவர்கள் மறியல் செய்து வேனில் ஏற்றப்பட்டபோது அது ‘கலந்துரையாடல்’ ஆனது.

நிலையம் என்னதான் செய்கிறது என்பதை அவர் ஒரே ஒரு ஆளுக்குத்தான் புரியும்படி சொல்லியிருக்கிறார். அது அவர் மனைவி தையல்நாயகி. அதுவும் வேறு வழியில்லாமல் சொன்னது. என்னவென்றே தெரியாத ஒன்றின் திறப்பு விழாவுக்கு எதற்குப் பட்டுப்புடவை என்று அவள் அடம்பிடித்திருந்தாள்.

“பால் திரியுது பாரு, அந்த மாதிரி,” என்றார் குஞ்சிதபாதம். “பூமிக்கடியில இருந்து வர்ற வாயுவ, காத்தே படாம, உருக்கின உலோகத்துக்குள்ள விட்டுக் கொதிக்க வைப்பாங்க. எரிக்கிறதில்ல, அதனால புகை இல்ல. வாயு ரெண்டாத் திரிஞ்சுரும். ஹைட்ரஜன் மேல போயிரும். கார்பன் கறுப்பா நுரை கட்டி மிதக்கும். வழிச்சு எடுத்துர வேண்டியதுதான்.”

“மேல போறது எங்க போவுது?”

“கப்பல்ல, வெளிநாட்டுக்கு. அங்க அதுல பஸ் ஓட்டுவாங்க, இரும்பு உருக்குவாங்க. எரிச்சா வெறும் தண்ணிதான் வரும்.”

“வழிச்சு எடுக்கிறது?”

“அது இங்கதான் இருக்கும்.”

தையல்நாயகி கொஞ்சம் யோசித்தாள். “அப்ப தெளிஞ்சது அவங்களுக்கு, திரிஞ்சது நமக்கு,” என்றாள். பிறகு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து பாதாம்பாலும் குடித்தாள்.

திரிஞ்சது கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு மூன்று பங்கு கார்பன் என்பது இயற்கையின் கணக்கு. அதை யாரும் மேடையில் சொல்லவில்லை. முதலில் டயர் கம்பெனிக்காரர்களும் மை கம்பெனிக்காரர்களும் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். பிறகு உலகம் முழுக்க இதே மாதிரி நிலையங்கள் முளைத்தன. பூமியில் ஓடும் வண்டிகளுக்கெல்லாம் டயர் மாட்டி, எல்லா மொழியிலும் எல்லாப் பொய்களையும் அச்சடித்த பிறகும் கார்பன் மிஞ்சியது. அதைக் கடலில் கொட்டக் கூடாது. காற்றில் விடக் கூடாது. முக்கியமாக, எரிக்கவே கூடாது. எரித்தால் புகை, புகை வந்தால் ஹைட்ரஜனுக்குத் ‘தூய’ என்ற பட்டம் போய்விடும், பட்டம் போனால் கப்பல் வராது. ஆகவே அது இருந்த இடத்தில், இருந்தபடியே, யுகயுகமாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

பொடியாக இருந்தால் பறக்கும் என்பதால் கட்டியாக்க ஒரு நிபுணர் குழு போட்டார்கள். சிமெண்ட் கலக்கலாம் என்றார் ஒருவர். சிமெண்ட் ஆலையிலிருந்து புகை வருகிறதே என்று இன்னொருவர் பதறினார். தார் என்றார் மூன்றாமவர். அவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. கடைசியில் இயற்கையான, உள்ளூரில் கிடைக்கிற, மண்ணுக்குக் கேடில்லாத பசையாக மரவள்ளிக்கிழங்கு மாவைக் காய்ச்சி ஊற்றுவது என்று முடிவாகிக் கைதட்டினார்கள். கட்டி போடும் வேலை செங்கல் காளவாய் வைத்திருந்த பக்கிரிசாமிக்குப் போயிற்று. அவரிடம் இருந்தது செங்கல் அச்சு. ஆகவே கட்டிகளும் செங்கல் அளவிலேயே வந்தன.

கரித்தூளோடு கிழங்கு மாவுக் கஞ்சி ஊற்றிப் பிசைந்து வெயிலில் காயவைத்தால் என்ன வரும் என்று தெருமுனை இஸ்திரி வண்டியில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அருமையான அடுப்புக்கரி வரும். ஆனால் நிபுணர் குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் சட்டையை வெளியில் கொடுத்துத் தேய்ப்பவர்கள். தேய்க்கிற இடத்துக்குப் போனவர்கள் இல்லை. எரிக்கவே கூடாத ஒரு பொருளை, எரிப்பதற்கு இதைவிடத் தோதாக ஆக்க முடியாது என்ற பக்குவத்துக்கு அவர்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். குஞ்சிதபாதம் அதற்கு ‘கருமணி’ என்று பெயர் வைத்தார். தாலியில் கோப்பதுபோல மங்கலமாக இருக்கட்டும் என்று விளக்கமும் எழுதினார்.

நிலையத்து மைதானம் நிறைந்தது. துறைமுகக் கிடங்கு நிறைந்தது. பிறகுதான் ‘இல்லந்தோறும் கருமணி’ திட்டம் வந்தது. குடும்ப அட்டைக்கு இத்தனை என்று லாரியில் வந்து இறக்கிவிட்டுப் போனார்கள். வாங்கிக்கொண்டவர்களுக்குக் ‘கார்பன் காப்பாளர்’ என்று நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு வில்லை. ஜனங்கள் பரணில் அடுக்கினார்கள், கட்டிலுக்கடியில் அடுக்கினார்கள், மாடிப்படிக்குக் கீழே நாய் படுத்த இடத்தில் அடுக்கினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் நகையைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பு, பெண்ணோடு எத்தனை கருமணி வரும், அதை அண்ணன்காரனே வைத்துக்கொள்வானா என்று விசாரித்தார்கள். பாகப்பிரிவினையில் கிணறு யாருக்கு என்ற சண்டை போய், கருமணி யாருக்கு என்ற சண்டை வந்தது. எல்லோரும் கிணற்றையே கேட்டார்கள். நிலைய அதிகாரிகள் குடியிருப்புக்கு மட்டும் கருமணி கிடையாது; ஏற்கனவே அவர்கள் நாட்டுக்காக நிறையத் தியாகம் செய்வதாக ஒரு சுற்றறிக்கை இருந்தது.

குஞ்சிதபாதம் அந்தக் குடியிருப்பில் இல்லாமல் ஊருக்குள் சொந்த வீட்டில் இருந்ததால், தனக்கு இல்லாத சலுகையை விட்டுக்கொடுத்துவிட்டு, ஊரின் முதல் காப்பாளராகத் தன்னையே அறிவித்துக்கொண்டார். கூடத்துச் சுவர் முழுக்க, ஆள் உயரத்துக்குக் கருமணி. அதன்முன் அமைச்சரோடு எடுத்த படம் நிலையத்து நாட்காட்டியில் தைமாதத்துக்கு வந்தது. கருமணிப் பாதுகாப்புச் சட்டத்தின் தமிழ் வாசகத்தையும் அவர்தான் எழுதினார். எரிப்போருக்கு மூன்றாண்டுச் சிறை என்று மேலிடம் சொல்லியிருந்தது. அதில் ஓசை போதவில்லை என்று பட்டதால், ‘எரிப்போரும், எரிக்கத் துணைபோவோரும், எரிக்க எண்ணுவோரும்’ என்று சேர்த்தார். நீதிமன்றம் எண்ணத்தை எப்படி அளக்கும் என்று யாரும் கேட்கவில்லை. படிக்க நன்றாக இருந்தது.

இதற்கிடையில் ஊரில் அடுப்பு எரியவில்லை. பூமிக்கடியில் இருந்த வாயு மொத்தமும் நிலையத்துக்குப் போயிற்று. புகையில்லாத ஊரில் சிலிண்டர் எதற்கு என்று அதையும் நிறுத்தினார்கள். ‘எரிவாயுவிலிருந்து விடுதலை பெற்ற முதல் ஊர்’ என்று குஞ்சிதபாதம் தட்டி வைத்தார். வீட்டுக்கு ஒரு இண்டக்ஷன் அடுப்பு வந்தது. மின்சாரம்தான் வரவில்லை. உலோகத்தை உருக்கி வைத்திருக்கவே அத்தனை மின்சாரமும் வேண்டியிருந்தது. அது ஒருநாள் ஆறினால் திரும்பச் சூடாக்க மாதம் ஆகுமாம். உலை ஆறக் கூடாது என்பதற்காக நெடுங்கழியின் உலைப்பானைகள் ஆறின. சமைக்கிற நேரம் பார்த்துத்தான் மின்வெட்டு வரும்.

இத்தனைக்கும் நடுவில் குஞ்சிதபாதத்துக்கு வேளாவேளைக்குச் சூடாகச் சோறு கிடைத்தது. மின்வெட்டில் முருங்கைக்காய் சாம்பார் ஆவி பறக்க வந்து இலையில் விழும். ரசத்தில் கை வைத்தால் சுடும். உலக வெப்பத்தைப் பற்றி மாதம் நான்கு கட்டுரை எழுதும் அந்த மனிதர், தன் இலையில் இருக்கிற வெப்பம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. சமையலறை ஜன்னல் ஏன் சாத்தியே இருக்கிறது என்று ஒரே ஒருமுறை கேட்டார். பூனை வருகிறது என்றாள் தையல்நாயகி. அவளுக்கு இருமல் வேறு வந்திருந்தது. ஊரிலேயே பாதிப்பேருக்கு இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்காக அதற்கும் ‘பருவ இருமல்’ என்று பெயர் வைத்துக் கொடுத்திருந்தார். எந்தப் பருவத்திலும் பொருந்துகிற பெயர்.

போன ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டு சம்மனசு இறந்துபோனாள். தனியாக இருந்தவள், தையல்நாயகிக்கு உயிர்த்தோழி. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, தூங்குகிற மாதிரியே கிடந்தாள். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதினார்; அதில் தப்பும் இல்லை. குஞ்சிதபாதம் நிலையத்து இதழில் இரங்கல் எழுதினார். ‘காப்பாளர் சம்மனசு தன் கருமணிகளின் அருகிலேயே கண்மூடினார்’ என்ற வரியை எழுதிவிட்டுத் தானே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். தையல்நாயகி அன்றைக்கு அவரோடு பேசவில்லை.

கதை சூடுபிடித்தது தணிக்கை வந்தபோது. ஹைட்ரஜன் வாங்கும் நாடு, கார்பன் நிஜமாகவே பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டது. சரியாக இருந்தால் ஒப்பந்தம் நீளும், இல்லாவிட்டால் நிலையத்துக்குப் பூட்டு, காப்பாளர்களுக்கு வழக்கு. இயக்குநர் சித்தரஞ்சன் அவசரக் கூட்டம் போட்டார். வெளிநாட்டில் பேசிப் பேசித் தமிழிலும் இடைவெளி விட்டுப் பேசக் கற்றுக்கொண்டவர் அவர். எந்த வீட்டைக் காட்டுவது என்று யாரும் கேட்பதற்கு முன்பே அவர் பார்வை குஞ்சிதபாதத்தின் மேல் வந்து நின்றது. முதல் காப்பாளரின் வீடு இருக்க வேறு வீடு எதற்கு. குஞ்சிதபாதம் எழுந்து நின்று நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கருமணிச் சுவரைத் துடைக்க ஆரம்பித்தார். மேல்வரிசையில் ஒன்றைத் தூக்கப் பார்த்தார். தூக்க வரவில்லை. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். கை நழுவிக் கீழே விழுந்து இரண்டாக உடைந்தது.

உள்ளே சிவப்பாக இருந்தது.

அவர் அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்து வேண்டுமென்றே கீழே போட்டார். எல்லாம் நல்ல சிவப்பு. சுட்ட மண். மேலே மட்டும் கறுப்பு.

“போதும், எத்தன ஒடைப்பீங்க. எண்ணிக்கை கொறையும்,” என்றாள் தையல்நாயகி வாசற்படியில் நின்று.

“இது என்ன?”

“செங்கல்லு.”

“கருமணி எங்க?”

“நீங்க மத்தியானம் சாப்பிட்ட கொழம்பு அதுலதான் கொதிச்சுது. நேத்து ராத்திரி இட்லியும்தான்.”

குஞ்சிதபாதம் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்தார். சுவர் அசையவில்லை, கனமான சுவர். ஊரில் இப்படி எத்தனை வீடு என்று கேட்டார். எந்த வீட்டில் இல்லை என்று கேளுங்கள் என்றாள். பக்கிரிசாமி காளவாயில் ஏற்பாடு. ஒரு கூடை கருமணி கொண்டுபோனால், அதில் இரண்டைப் போட்டு மண்கல் சுட்டு, கருமணிப் பொடியைக் கஞ்சியில் குழைத்து மேலே மெழுகி, எண்ணிக்கை குறையாமல் திருப்பித் தருவார். அச்சு அதே அச்சு. மீதிக் கருமணி குமுட்டி அடுப்புக்கு. ‘நல்ல கரிங்க, புகையே வர்றதில்ல’ என்று அவள் சொன்னபோது, ஊர் வளைவில் தான் எழுதியது இத்தனை நாளும் பொய் இல்லை என்பது குஞ்சிதபாதத்துக்குத் தெரியவந்தது. அதில் ஒரு நிமிடம் சந்தோஷம்கூடப் பட்டார். பிறகு சட்டம் நினைவுக்கு வந்தது.

“மூணு வருஷம் உள்ள போட்டுருவாங்க தையலு. எரிக்க எண்ணினாலே போடலாம்னு இருக்கு.”

“யாரு எழுதினது?”

அவர் உடைந்த செங்கல்லின் இரண்டு பாதியையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்.

“ஜன்னல சாத்திக்கிட்டு எரிச்சோம்,” என்றாள் அவள். “தொறந்தா கங்கு வெளிய தெரியும், யாராவது சொல்லிருவாங்க. சம்மனசும் அப்படித்தான் சாத்தினா. மழை வேற, குளிருதுன்னு அடுப்ப அணைக்காம படுத்துட்டா. அந்தக் கரிக்காத்து மூச்ச நிறுத்திருமாம். தூங்குற மாதிரியே போயிருவாங்களாம். காலைல நாந்தான் முதல்ல போனேன். அடுப்ப எடுத்து மறைச்சு வச்சதும் நாந்தான். செத்தவளையும் கேஸுல இழுக்க வேண்டாமேன்னு. நீங்க அவளப் பத்திப் பாட்டு மாதிரி ஒண்ணு எழுதினீங்க.”

குஞ்சிதபாதம் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாசகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்பினார். அச்சாகி ஆறு மாதம் ஆகியிருந்தது.

தணிக்கை நாளன்று காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. இயக்குநர் காரில் வந்து இறங்கினார். கூடவே அந்த நாடு அமர்த்திய சென்னைக் கம்பெனியின் தணிக்கையாளர் மிருதுளா, முப்பது வயதுகூட இருக்காது, தோளில் ஒரு பையும் கையில் எடை பார்க்கும் கருவியுமாக வந்தாள். குஞ்சிதபாதம் வரவேற்புரையை ஆரம்பித்தார். அவள் ஃபேன் இல்லாத கூடத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, உரையை மெயிலில் அனுப்பிவிடச் சொன்னாள்.

தையல்நாயகியிடம் அவர் காலையில் கெஞ்சிக் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அடுப்பு பக்கம் போகாதே. தண்ணீர் கொடு, பழம் கொடு, அதோடு நிறுத்து. அவளும் சரி என்றுதான் சொன்னாள். ஆனால் வெயிலில் அத்தனை தூரம் வந்த பெண்ணைப் பார்த்ததும், வீட்டுக்கு வந்தவளைப் பச்சைத்தண்ணீர் கொடுத்து அனுப்ப அவளுக்குக் கை வரவில்லை. சிறைக்குப் போவதானாலும் காபி கொடுத்துவிட்டுத்தான் போகிற ஊர் அது. டம்ளர் டபராவில் நுரை பொங்கக் கொண்டுவந்து வைத்தாள்.

மிருதுளா ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். “கரண்ட் எப்பம்மா போச்சு?”

“அது ஆச்சு, விடிகாலமே போயிருச்சு.”

“காபி நாக்கு சுடுதே.”

“ஃபிளாஸ்க்ல ஊத்தி வச்சிருந்தேன்ம்மா,” என்றாள் தையல்நாயகி, கொஞ்சமும் தடுமாறாமல்.

அந்த நேரம் பார்த்து சமையலறையில் குக்கர் விசிலடித்தது.

வந்தவள் சாப்பிடாமல் போகக் கூடாதே என்று அதையும் ஏற்றியிருந்தாள். குஞ்சிதபாதம் பலமாக இருமினார். பருவ இருமல், பருவ இருமல் என்று இயக்குநரிடம் விளக்கினார். குக்கர் இரண்டாவது விசிலடித்தபோது, இந்த ஊரில் ரயில் இருக்கிறதா என்று இயக்குநர் கேட்டார். வரப்போகிறது என்றார் குஞ்சிதபாதம். இயக்குநர் அதைத் தன் சாதனைகளில் சேர்த்துக்கொள்வதுபோலத் தலையாட்டிவிட்டு, போன் வந்ததால் வாசலுக்குப் போனார்.

மிருதுளா கருமணிகளை ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்து எடை பார்த்தாள். இரண்டாவதை வைத்ததும் புருவம் உயர்ந்தது. ஐந்தாவதில் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்து ஒன்றின் ஓரத்தில் கோடு இழுத்தாள். கறுப்பு உதிர்ந்து சிவப்பு தெரிந்தது. சாவியைத் துடைத்துக்கொண்டாள்.

குஞ்சிதபாதத்துக்கு அதுவரை தெரிந்திருந்த சொற்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மறந்துபோயின. “மேடம், நான்தான் எரிச்சேன்,” என்றார். “என் ஒய்ஃபுக்கு ஒண்ணும் தெரியாது.”

“இவருக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதும்மா,” என்றாள் தையல்நாயகி. “நாந்தான்.”

மிருதுளா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “உக்காருங்க சார். நான் என்ன பார்க்க வந்திருக்கேன்னு முதல்ல சொல்லிடறேன். எண்ணிக்கை, எடை, வெளியில கறுப்பா இருக்கா. மூணுதான். உடைச்சுப் பார்க்கச் சொல்லி காண்ட்ராக்ட்ல இல்ல. உடைச்சா தூசி பறக்கும், அது மாசுன்னு எழுதியிருக்காங்க.”

“அப்ப இது?”

“எண்ணிக்கை சரியா இருக்கு. எடை ஒண்ணரை மடங்கு இருக்கு. கார்பன் குறைஞ்சாத்தான் சார் கேள்வி. கூடினா அவார்டு.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “போன மாசம் ஒரு ஊர்ல வெறும் சுவருக்குக் கறுப்பு பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தாங்க. அதுல ஆணியடிச்சு காலண்டர் வேற மாட்டியிருந்தாங்க. நீங்க பரவால்ல, தனித்தனியா செஞ்சிருக்கீங்க.”

“அதுக்கு என்ன எழுதினீங்க?”

“உறுதியான சேமிப்புன்னு எழுதினேன். கார்பன் இல்லன்னு நான் எழுதினா அடுத்த வாட்டி வேற கம்பெனிக்குக் கொடுப்பாங்க, அவங்க இருக்குன்னு எழுதுவாங்க. வாங்கறவங்களுக்குக் கார்பன் வேண்டாம் சார், சர்டிபிகேட்தான் வேணும்.” காபியைக் கடைசி வாய்வரை குடித்தாள். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்து, “ஜன்னலைத் திறந்து வச்சு சமைங்கம்மா,” என்றாள். “சாத்தினா ஆபத்து.”

“தெரியும்மா,” என்றாள் தையல்நாயகி. “சாப்பிட்டுப் போ. கத்திரிக்கா பொரிச்சிருக்கேன்.”

சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

அறிக்கை வந்தபோது நெடுங்கழியில் பட்டாசு வெடிக்காத குறை. நிலையம் இதுவரை உற்பத்தி செய்ததைவிட ஒன்றரை மடங்கு கார்பன் ஊர்மக்களிடம் பத்திரமாக இருப்பதாக அதில் கண்டிருந்தது. செய்யாததையும் சேர்த்து வைத்திருப்பது எப்படி என்று ஒரே ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். அதற்கு இயக்குநர் சித்தரஞ்சன் அரைமணி நேரம் விடை சொன்னார். கிழங்குமாவு கலந்த கருமணி, இல்லத்தரசிகளின் பராமரிப்பில், வானத்துக் கரியைத் தானாகவே உறிஞ்சிக் கனக்கிறது என்பது அதன் சாரம். இதை மூன்று நாடுகளில் போய்ப் படித்தார். இரண்டு நாடுகளில் எழுந்து நின்று கைதட்டினார்கள். நெடுங்கழிக்கு ‘வானத்தை வெளுத்த ஊர்’ என்று விருது. அந்தப் பெயர் குஞ்சிதபாதம் வைத்ததில்லை. அவர் இப்போதெல்லாம் பெயர் வைக்கக் கொஞ்சம் யோசித்தார்.

விருது விழாவில் தையல்நாயகியை மேடையேற்றி, இவ்வளவு அருமையாக எப்படிப் பாதுகாத்தீர்கள் என்று கேட்டார்கள். “வீட்டு வேலையோட வேலையா பாத்துக்கிட்டதுதான்,” என்றாள். அதற்கும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகும் அவள் இருமல் ஓயவில்லை. மைக்கில் அது ஊர் முழுக்கக் கேட்டது.

ஆனால் ஊரில் கருமணி தீர்ந்துகொண்டிருந்தது. நிஜமான கருமணி. எண்ணிக்கை நிறைந்துவிட்டதால் வீடுகளுக்குப் புதிதாக வருவது நின்றுபோய், நிலையத்துக் கார்பன் வேறெங்கோ போனது. பரண்களில் இருந்ததெல்லாம் செங்கல். குமுட்டி அடுப்புகள் வாரத்தில் இரண்டு நாள் மூட்டப்படாமல் கிடந்தன. கருவாட்டைப் பச்சையாகவே தின்றுவிடலாம், அரிசியைத் தின்ன முடியாதே என்று பக்கிரிசாமியே தன் காளவாயை அணைத்துவிட்டுப் புலம்பினார்.

அந்த நேரத்தில்தான் நல்ல செய்தி வந்தது. கார்பனைக் காப்பதில் தேசத்துக்கே வழிகாட்டும் ஊர் என்பதால், வேறு நான்கு நிலையங்களின் கருமணிகளையும் நெடுங்கழிக்கே ஒப்படைப்பதென்று மேலிடம் முடிவு செய்தது. வழக்கமாக இப்படிப்பட்ட முடிவுக்கு ஊர் மறியல் செய்யும். இந்தமுறை மாலையோடு போய் நின்றார்கள். லாரிகள் வளைவுக்குள் நுழைந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். ஊரின் தியாக உணர்வைக் கண்டு இயக்குநருக்குக் கண் கலங்கியதாகக் கேள்வி.

முதல் லாரி முதல் காப்பாளர் வீட்டு வாசலில்தான் நின்றது. கூடத்தில் இடம் போதாமல் தாழ்வாரத்திலும் அடுக்கிவிட்டுப் போனார்கள்.

தையல்நாயகி அதைப் பார்க்க எழுந்து வரவில்லை. இரண்டு நாளாகப் படுக்கையில் இருந்தாள். இருமி இருமிக் குரல் கம்மிப் போயிருந்தது. கஞ்சி மட்டும்தான் கொடுக்க வேண்டும், அதுவும் சூடாக, என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்ன நோய் என்று குஞ்சிதபாதம் கேட்டதற்கு, அதற்கு நீங்கள்தானே சார் பெயர் கொடுத்தீர்கள் என்றார். வீட்டில் கடைசிக் கருமணி முந்தாநாளோடு தீர்ந்திருந்தது. மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

குஞ்சிதபாதம் வேட்டியை மடித்துக் கட்டினார். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தார். நொய்யரிசியைக் களைந்தார், எத்தனை தண்ணீர் என்று உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்து ஊற்றினார். குமுட்டி அடுப்பைத் துடைத்து வைத்தார். பனைமட்டை விசிறி அகப்பட்டது. பிறகு தாழ்வாரத்துக்குப் போய், புதிதாக இறக்கிய அடுக்கின் உச்சியிலிருந்து ஒரு கருமணியை எடுக்கக் கை நீட்டினார்.

ஒரு கையால் எடுக்க வரவில்லை.

தெருவில் அடுத்த லாரிக்குக் கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அதன் பக்கவாட்டில் வேறு ஏதோ ஒரு ஊரின் பெயர் பொறித்திருந்தது. மேலே மெழுகியிருந்த கறுப்பு, நெடுங்கழி வேலையைவிடச் சுத்தமாக இருந்தது.

“என்னங்க,” என்று உள்ளேயிருந்து தையல்நாயகி கூப்பிட்டாள். குரலில் இருமலுக்கு நடுவிலும் ஓர் ஆவல். “புதுசு எப்படி இருக்கு? லேசா இருக்கா?”

நல்ல தரம் என்று சொல்லலாம். உறுதியான சேமிப்பு என்று சொல்லலாம். சொல்வதற்கு அவரிடம் எப்போதும் ஏதாவது இருக்கும். கல்லை இறக்கி வைக்காமலே அவர் அறை வாசல்வரை போனார்.

“கனமா இருக்கு, தையலு,” என்றார்.